அப்பாவின் வாட்ச் ஓடணும்... ஆனா, புதுசாகிடக் கூடாது!

பீரோவில் கல்யாண போட்டோவைத் தேடியபோதுதான் அது கையில் தட்டுப்பட்டது. பழைய கைக்குட்டையில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், அப்பாவின் ஹெச்.எம்.டி ஜனதா வாட்ச்!

திருச்சியில் இருக்கும் அந்தக் குடும்பத்தில் அடுத்த மாதம் விசேஷம். அப்பாவுக்கு சதாபிஷேகம். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கல்யாணத்தன்று மாமனார் கையில் கட்டிவிட்ட வாட்ச் இது. டிரிப் ஷீட்டில் அவர் எழுதிய நேரம் எல்லாம் இதைப் பார்த்து எழுதியதுதான். 2002-ல் பணி ஓய்வு பெற்ற நாளில் சக ஊழியர்கள் ஒரு பேட்டரி வாட்ச்சைப் பரிசாகக் கொடுக்க, இது பீரோவுக்குள் போய்விட்டது.

பள்ளி ஆசிரியையான மூத்த மகளுக்கு, 'விசேஷத்தன்று அப்பா கையில் இதையே கட்டிவிட்டால் எப்படி இருக்கும்!' என்று தோன்றியது. ஆனால் வாட்ச் இருந்த கோலம் அப்படி. வெள்ளையாக இருந்த டயல் இளம்பழுப்பாக மாறியிருந்தது. கண்ணாடி முழுக்கக் கீறல். பட்டை மாட்டும் காதுகளில் குரோமியப் பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப்பார்த்தது. சாவி கொடுத்தால் சுற்றியது. ஆனால், விநாடி முள் நாலு துடிப்பு துடித்துவிட்டு நின்றுபோனது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடையில் காட்டினார். வாங்கிப் பார்த்த இளைஞர் யோசிக்கவே இல்லை. "புது டயல் போட்டுடலாம் மேடம். நீலம், பச்சை, ஆரஞ்சுன்னு எல்லா கலர்லயும் இருக்கு. முள்ளு மாத்தி, கேஸை பஃபிங் பண்ணி கோல்டு பாலிஷ் போட்டா பளபளன்னு ஆயிடும். சாயங்காலமே வாங்கிக்கலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெங்களூரில் இருக்கும் தம்பி, 'சூப்பர்க்கா, கோல்டே போட்டுடு' என்றார். அம்மாவிடம் மட்டும் நேரில் சொன்னார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பின்னாடி மூடியையும் தேய்ச்சிடுவாங்களாடி?"

வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தபோதுதான் மகளுக்குப் புரிந்தது. பின்மூடியில் 28 வருட வியர்வைக்கும் தேய்மானத்துக்கும் தப்பி, மெல்லிய கோடுகளாக ஒரு தேதி இருந்தது. 12.9.1974. அம்மா, அப்பாவின் கல்யாண நாள். தாத்தா அப்போதே கடையில் சொல்லிப் பொறித்து வாங்கியது. பாலிஷ் மெஷினில் ஒரு நிமிடம் பிடித்தால் அது இருந்த இடமே தெரியாது.

மறுநாள் வாட்ச்சைக் கடையில் கொடுக்கவில்லை. வேறு ஆளைத் தேடத் தொடங்கினார்.

சர்வீஸ் வேறு, புதுசாக்குவது வேறு

பழைய வாட்ச் கையில் கிடைக்கிற பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். 'சரி பண்ணிக் கொடுங்க' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கடைக்காரர் அதைத் தனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொள்கிறார். உண்மையில் அந்த ஒற்றை வரிக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, நின்றுபோன மெஷினை ஓடவைப்பது. மற்றொன்று, வெளித்தோற்றத்தைப் புதுசாக்குவது. முதல் வேலை வாட்ச்சின் ஆயுளைக் கூட்டும். இரண்டாவது வேலை பெரும்பாலும் அதன் அடையாளத்தை அழிக்கும்.

நம் வீடுகளில் இருக்கும் பழைய வாட்ச்களில் கணிசமானவை ஹெச்.எம்.டி தயாரிப்புகள். பொதுத்துறை நிறுவனமான ஹெச்.எம்.டி, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர் என்று அதன் பெயர்கள் ஒரு தலைமுறைக்கே பழக்கம். 1980-களின் பிற்பகுதியில் டாடா குழுமமும் தமிழ்நாட்டின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களைக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கத் தேவையில்லாத, பேட்டரியில் ஓடும் வாட்ச்கள் பக்கம் மக்கள் போய்விட்டார்கள். ஹெச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூடுவதற்கு 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அதன் பொருள், தொழிற்சாலையிலிருந்து இனி புது டயலோ, புது முள்ளோ வரப்போவதில்லை. 'ஒரிஜினல் புது டயல்' என்று கடையில் காட்டப்படுவது, எப்போதோ தேங்கிய பழைய சரக்காக இருக்கலாம். பெரும்பாலும் அது பழைய டயலைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாகப் பெயின்ட் அடித்து அச்சிட்டதாகத்தான் இருக்கும். அந்த 'பழைய டயல்' வேறு யாருடைய அப்பாவின் வாட்ச்சிலோ இருந்ததாகவும் இருக்கலாம்.

பின்மூடிக்குள் ஒரு டைரி

சக ஆசிரியர் ஒருவர் சொல்லி, அந்த மகள் போய்ச் சேர்ந்தது டவுனுக்குள் ஒரு சந்தில் இருக்கும் சின்னக் கடை. நாலடி அகலம். மரப்பெட்டி போன்ற மேஜை. எழுபது வயதைத் தொட்ட பெரியவர். வாட்ச்சை வாங்கியவர், லென்ஸைக் கண்ணில் மாட்டுவதற்கு முன்பே கேட்டார்.

"என்ன செய்யணும்னு அப்புறம் சொல்லுங்கம்மா. என்ன செய்யக் கூடாதுன்னு முதல்ல சொல்லுங்க."

மகள் தேதியைக் காட்டினார். பெரியவர் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் கீறாமல் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் காட்டினார். ஊசியால் கீறியது போல மூன்று இடங்களில் சின்னச் சின்ன எழுத்துகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். 79, 87, 96.

வாட்ச் சர்வீஸ் செய்பவர்களிடம் இருக்கும் பழைய வழக்கம் இது. தாங்கள் கழற்றிப் பூட்டியதற்கு அடையாளமாகத் தங்கள் குறியையும் தேதியையும் மூடியின் உட்புறம் கீறி வைப்பார்கள். மறுபடி அதே வாட்ச் வந்தால் எப்போது பார்த்தோம் என்று தெரிந்துகொள்ளலாம். வேறு ஒருவர் கைக்குப் போனாலும் அவருக்கும் கணக்கு தெரியும். 

"கடைசியா 96-ல திறந்திருக்காங்க. அப்ப போட்ட எண்ணெய் இந்நேரம் பிசினா போயிருக்கும். மெஷின்ல பெரிய கோளாறு இல்ல. நின்னுபோனதுக்கு இதான் காரணம்" என்றார் பெரியவர்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவி கொடுக்கும் வாட்ச்சின் சூத்திரம் எளிமையானது. சாவியைத் திருகும்போது, பேரல் என்ற சின்ன உருளைக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகச் சுருள்கிறது. அது மெல்ல விரியும் விசையில் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. மொத்த விசையும் ஒரே நேரத்தில் விரிந்துவிடாமல், பேலன்ஸ் வீலும் தலைமுடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கும் சேர்ந்து அளந்து அளந்து விடுகின்றன. அப்படி விடும்போது கேட்பதுதான் 'டிக் டிக்'.

ஜனதா போன்ற வாட்ச்களில் இருக்கும் மெஷின், மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதாவது, நொடிக்கு 5 முறை. ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் முறை. வருடத்துக்கு 15 கோடிக்கும் மேல். இவ்வளவு துடிப்பைத் தாங்கும் அச்சுகளின் முனைகள் முடியளவுதான் இருக்கும். தேய்மானத்தைக் குறைக்கத்தான் அவை மாணிக்கக் கற்களில் பதிக்கப்படுகின்றன. டயலில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பது இதைத்தான். அவை செயற்கையாக உருவாக்கப்படும் கற்கள். விலை மதிப்புக்காக இல்லை, வழவழப்புக்காக வைத்தவை.

கல்லுக்கும் அச்சுக்கும் இடையில் இருக்கும் எண்ணெய் சில வருடங்களில் கெட்டியாகும். தூசி சேர்ந்தால் அதுவே அரம் போல அச்சை அறுக்கும். அதனால்தான் தினமும் கட்டும் சாவி வாட்ச்சை மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். பல வருடம் பீரோவில் கிடந்த வாட்ச்சை எடுத்து, 'ஓடுதே!' என்று சந்தோஷத்தில் கட்டிக்கொண்டு திரிவதும் ஆபத்து. காய்ந்த எண்ணெயோடு ஓடும் ஒவ்வொரு நாளும் தேய்மானம்தான்.

முறையான சர்வீஸ் என்றால், மெஷினை முழுக்கக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் அதற்கான திரவத்தில் கழுவ வேண்டும். தேய்ந்தது எது, வளைந்தது எது என்று லென்ஸில் பார்க்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது இடத்துக்கு ஏற்ற எண்ணெய் போட வேண்டும். மெயின் ஸ்பிரிங், சாவிப் பகுதிக்கெல்லாம் கெட்டியான எண்ணெய் அல்லது கிரீஸ். பேலன்ஸ் வீல் முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் ஊசி முனை அளவு. பேலட் ஃபோர்க் என்ற பாகத்தின் அச்சு முனைகளுக்குப் பொதுவாக எண்ணெயே போடக் கூடாது. கடைசியில், ஓட்டம் வேகமா, மெதுவா என்று சரிபார்த்து ஒழுங்குபடுத்த வேண்டும்.

இதை அரை மணி நேரத்தில் செய்ய முடியாது. மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே கொஞ்சம் எண்ணெய் தெளித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் வாட்ச் ஓடத்தான் செய்யும். சில மாதங்களில் மறுபடி நிற்கும். 'சாயங்காலமே வாங்கிக்கலாம்' என்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை.

திருச்சிப் பெரியவர் கேட்டது பத்து நாள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

மாற்றினால் திரும்பக் கிடைக்குமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மெயின் ஸ்பிரிங் தேய்ந்துபோகும் பொருள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றலாம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமும் அப்படித்தான். பட்டை எத்தனை முறை மாறினாலும் கவலையில்லை. இந்தக் கால ஹெச்.எம்.டி-க்களின் கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். அதாவது, உறுதியான பிளாஸ்டிக். லேசான கீறல்களை பாலிஷ் பசையால் தேய்த்தே போக்கலாம். விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

டயல் அப்படி இல்லை. வாட்ச்சின் முகம் அதுதான். பழுப்பேறியது, ஓரத்தில் புள்ளி விழுந்தது எல்லாம் வயதின் அடையாளங்கள். அதை ஈரத்துணியால் துடைக்கப் போனால்கூட அச்சிட்ட எழுத்து கையோடு வந்துவிடும். முள்களும் அதே காலத்தவை. டயலோடு சேர்ந்தே நிறம் மாறியவை. பழுத்த டயல் மேல் பளபளப்பான புது முள் போட்டால், ஒட்டாமல் தனித்துத் தெரியும்.

கேஸை பாலிஷ் செய்வதும் யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். பாலிஷ் என்பது அழுக்கை எடுப்பதில்லை, உலோகத்தையே சுரண்டி எடுப்பது. ஒவ்வொரு முறையும் கூர்மையான விளிம்புகள் மழுங்கும். பித்தளை மேல் குரோமியம் பூசிய கேஸ் என்றால், இருக்கும் கொஞ்சநஞ்சப் பூச்சும் போய்விடும். அழுக்குதான் பிரச்னை என்றால், மெஷினை வெளியே எடுத்தபிறகு கேஸை மட்டும் கழுவிக் கொடுக்கச் சொன்னால் போதும்.

பொறித்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் டேடோனா வாட்ச், 2017-ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. கார் பந்தயங்களில் ஓட்டியவர் என்பதால், ஜாக்கிரதையாக ஓட்டச் சொல்லி அவர் மனைவி பின்மூடியில் மூன்றே சொற்களைப் பொறித்துக் கொடுத்திருந்தார். வாட்ச் விலைபோனது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு. இடையில் யாராவது 'பளபளன்னு ஆக்கிடறேன்' என்று அந்தச் சொற்களைத் தேய்த்து எடுத்திருந்தால், அந்த வாட்ச்சின் கதையே போயிருக்கும்.

நம் வீட்டு ஜனதாவுக்குக் கோடிகள் கிடைக்கப்போவதில்லை. ஆனால், கணக்கு ஒன்றுதான். அதே மாடலில் ஆயிரக்கணக்கான வாட்ச்கள் இருக்கலாம். அந்தத் தேதி பொறித்தது ஒன்றே ஒன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவிலிருந்து ஆன்லைனில் விற்பனைக்குப் போகும் பழைய வாட்ச்களில், டயலுக்குக் கண்ணைப் பறிக்கும் கலரில் பெயின்ட் அடித்து, கிடைத்த பாகங்களைக் கோத்துச் செய்தவை நிறைய. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் கேலிப் பெயர், 'மும்பை ஸ்பெஷல்'. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், சிட்டிசன், ஹெச்.எம்.டி என்று நம் ஊரில் அதிகம் புழங்கிய பெயர்கள்தான் இதில் மாட்டுகின்றன. எழுத்து கொஞ்சம் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் கோடுகளோடு நேராக நிற்காது. டயல் புத்தம்புதிதாகவும் கேஸ் தேய்ந்தும் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் வீட்டு வாட்ச்சுக்கு டயல் மாற்றுவது, நாமே காசு கொடுத்து அதை 'மும்பை ஸ்பெஷல்' ஆக்குவதற்குச் சமம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. 1960-கள் வரை வந்த சில வாட்ச்களில், இருட்டில் ஒளிரும் முள்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பெயின்ட் பூசியிருப்பார்கள். இப்போது அது ஒளிராமல் இருக்கலாம். ஆனால், ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடங்கள் ஆகும். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறந்து நோண்டுவதோ, அந்தப் பெயின்ட்டைச் சுரண்டுவதோ வேண்டவே வேண்டாம். தூசி மூச்சில் போவதுதான் ஆபத்து. சர்வீஸ் செய்பவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரிஜினல் என்பது எது?

ஐந்தாம் நாள் பெரியவரிடமிருந்து போன். "சாவி மட்டும் கம்பெனி சாவி இல்லம்மா. எப்பவோ மாத்தியிருக்காங்க. பழைய ஹெச்.எம்.டி வாட்ச் ஒண்ணுலருந்து கழட்டின கம்பெனி சாவி என்கிட்ட இருக்கு. போடவா?"

மகளுக்குக் குழப்பம். இவ்வளவு தூரம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சாவி மட்டும் வேறாக இருக்கலாமா? கம்பெனி சாவி போட்டால்தானே வாட்ச் முழுக்க ஒரிஜினல் ஆகும்? விற்பவருக்கும் சேகரிப்பவருக்கும் அது சரிதான். தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ, அப்படி இருப்பதே அவர்களுக்கு ஒரிஜினல்.

வீட்டுக்காரர்களுக்கு அந்த அளவுகோல் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அந்தச் சாவியை மாற்றியது அப்பா. எந்த ஊரில், ஏன் மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், அதற்குப் பிறகு தினமும் அதைத்தான் அவர் விரல்கள் திருகியிருக்கின்றன. மகள் யோசித்துச் சொன்னார். "இருக்கறதே இருக்கட்டும் ஐயா. நல்லா இறுகுதுல்ல?"

"தாராளமா ஓடும்மா" என்றார் பெரியவர்.

இதில் இதுதான் சரி என்று ஒரே பதில் இல்லை. வேறு ஒரு வீட்டில் கம்பெனி சாவியைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பில்லை. அந்த முடிவைக் கடைக்காரர் எடுக்காமல் வீட்டுக்காரர் எடுக்க வேண்டும். பெரியவர் செய்த நல்ல காரியம், கேட்டதுதான். கழற்றிய பாகம் கைக்கு வந்துவிட்டால், எடுத்த முடிவை நாளைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கடையில் கொடுப்பதற்கு முன்...

* வாட்ச்சை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பின்மூடியைத் திறக்கும்போது மெஷினையும் ஒரு போட்டோ. பாகங்கள் மாறிவிடாமல் இருக்க இதுதான் முதல் பாதுகாப்பு.

* 'டயல், முள் மாற்றக் கூடாது. பெயின்ட் அடிக்கக் கூடாது. கேஸுக்கு பாலிஷ் வேண்டாம்' என்று வாயால் சொல்வதோடு, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

* 'முழுக்கக் கழற்றித்தானே சுத்தம் செய்வீர்கள்?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படுபவரிடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

* எந்த பாகத்தை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் போனில் கேட்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த ஸ்பிரிங்காக இருந்தாலும் சரி.

* வாங்கும்போது சாவியை இழுத்து நேரம் மாற்றிப் பாருங்கள். முள்கள் ஒன்றோடு ஒன்று உரசாமல் சுற்றுகின்றனவா என்று கவனியுங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். 50 வயது வாட்ச் அதில் அரை நிமிடம் முன்பின் ஓடினால், அது குறையே இல்லை.

* திடீரென நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடினால், காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர் அருகே வைக்காதீர்கள். காந்தத்தை எடுப்பது கடையில் ஒரு நிமிட வேலை.

* சாவி கொடுக்கும்போது கையில் கட்டியபடி கொடுக்காமல், கழற்றி வைத்துக் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது. இறுகியதும் நிறுத்திவிடுங்கள். டயலில் என்ன எழுதியிருந்தாலும், பழைய வாட்ச்சைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சதாபிஷேகத்தன்று...

பத்தாம் நாள் வாட்ச் வந்தது. மெயின் ஸ்பிரிங் மட்டும் புதுசு. கண்ணாடிக் கீறல்கள் தேய்த்து எடுக்கப்பட்டிருந்தன. அழுக்கு போயிருந்தது. பழுத்த டயலும், காதுகளில் தெரிந்த பித்தளையும் அப்படியே. பழைய ஸ்பிரிங்கை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார் பெரியவர். பின்மூடியின் உட்புறம் நான்காவதாக ஒரு குறி கீறட்டுமா என்று, அதையும் கேட்டுவிட்டுத்தான் கீறியிருந்தார். "நாளுக்கு இருபது விநாடி முன்னாடி போகும்மா. இந்த வயசுக்கு அது போதும், விட்டுட்டேன்" என்றார்.

வீட்டில் பார்த்த தம்பிக்கு முதலில் ஏமாற்றம். "என்னக்கா, பழசு மாதிரியே இருக்கு?"

"பழசுதான்டா" என்றார் அக்கா.

விசேஷத்தன்று காலை, சடங்குகள் முடிந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும், டப்பாவை அவர் கையில் கொடுத்தார்கள். திறந்தவர் எதுவும் பேசவில்லை. எடுத்ததும் பின்பக்கம் திருப்பி, தேதி மேல் கட்டைவிரலால் தடவினார். பிறகு காதில் வைத்துக் கேட்டார். அப்புறம்தான் முகப்பைப் பார்த்தார்.

"சாவியை மாத்தலையே?" என்றார் மகளிடம்.

"இல்லப்பா. ஏன்?"

"சேலம் டிரிப்ல கூட்டத்துல இடிபட்டு சாவி புடுங்கிட்டுப் போச்சு. அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பாய் கடையில போட்டது. அன்னிக்கு என்கிட்ட காசு பத்தல. டிரைவர் அண்ணன்தான் கொடுத்தாரு."

ஐம்பது வருடத்தில் அந்தக் கதையை அம்மாகூடக் கேட்டதில்லை. "எங்கப்பா வாங்கிக் கொடுத்ததை உடைச்சிட்டு, சொல்லாமலே இருந்திருக்கீங்க" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஷேவிங் முடித்துவிட்டு, அப்பா வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை, நினைவூட்டவும் இல்லை. பக்கத்தில் இருந்த பேட்டரி வாட்ச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அரை நிமிஷம் ஃபாஸ்ட்டுப்பா. திருத்தித் தரச் சொல்லவா?" என்று கேட்டார் மகள்.

"வேண்டாம்மா. அப்பவும் இது இப்படித்தான் ஓடும். அதனாலதான் என் வண்டி ஒரு நாளும் லேட்டா கிளம்பினதில்ல."